பார்க்காமலே பரிசா?

2023ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. நம் கடையநல்லூரில் பள்ளிவாசல்களின் பாங்கொலி ஓய்ந்து, மாதா கோயில் மணியும் அடித்து முடிந்திருந்த நேரம். அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அப்பொழுது ஞாயிற்றுக்கிழமை மாலை. அங்கே நடந்துகொண்டிருந்த ஆஸ்கார் பரிசளிப்பு விழாவில், நம் முதுமலைக் காட்டில் எடுக்கப்பட்ட ஒரு சிறிய படத்தின் பெயர் மேடையில் வாசிக்கப்பட்டது. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் அந்தப் படம் குறு ஆவணப்படத்துக்கான பரிசைப் பெற்றது. தெப்பக்காடு முகாமில், தாயைப் பிரிந்த யானைக் குட்டிகளைப் பிள்ளைபோல் வளர்த்த பொம்மன், பெள்ளி ஆகிய இருவரின் கதை அது. அதே விழாவில் ‘நாட்டு நாட்டு’ என்ற தெலுங்குப் பாடலுக்கும் பரிசு கிடைத்தது.

அன்று முதல் பாடவேளையில் நான் வகுப்புக்குள் நுழையுமுன்பே ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நம்ம யானைப் படத்துக்கு ஆஸ்கார் கிடைச்சிட்டாம்லா!” என்று கூவினாள். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தச் சமயம் வராந்தா வழியே வந்த சிஸ்டர் ஒருவர் வாசலில் நின்று, “படத்தை யாரெல்லாம் பார்த்தீங்க?” என்று கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. “சரி, அதோட போட்டி போட்ட மற்ற நாலு படத்தையும் யாராவது பார்த்தீங்களா?” ஒரு கையும் எழவில்லை. சிஸ்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி நாள் முழுவதும் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால், சினிமாப் பைத்தியம் என்று வீட்டில் பெயர் வாங்கிய நான், அந்த ஆண்டு அந்த ஐந்து படங்களையும் விழாவுக்கு முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு முயன்றிருந்தேன். அந்த முயற்சி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்தப் பரிசு எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று மாணவியர் அறிந்துகொள்வது நல்லது.

ஆஸ்கார் பரிசை வழங்குவது அமெரிக்கத் திரைப்படக் கலை, அறிவியல் அகாடமி என்ற சங்கம். 1927இல் தொடங்கப்பட்டது. முதல் பரிசளிப்பு 1929ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டலில், விருந்தோடு விருந்தாக நடந்தது. பரிசு கொடுத்து முடிக்கச் சுமார் 15 நிமிடமே ஆயிற்றாம். யார் யாருக்குப் பரிசு என்பது மூன்று மாதம் முன்பே வெளியிடப்பட்டுவிட்டதால், வந்திருந்தவர்களுக்கு நெஞ்சு படபடக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிற்பாடு முடிவை விழா நாள்வரை மறைத்து வைத்தார்கள். ஆனால் பத்திரிகைகளுக்கு மட்டும், இரவில்தான் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். 1940இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று பொறுமை இழந்து மாலைப் பதிப்பிலேயே அச்சிட்டுவிட்டது. விழாவுக்கு வந்தவர்கள் தங்கள் தோல்வியைப் பத்திரிகையில் படித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். மறு ஆண்டு முதல்தான் அந்தப் புகழ்பெற்ற முத்திரையிட்ட உறை வந்தது.

அந்த உறையும் ஒருமுறை தவறிப்போனது. 2017இல் மேடையில் இருந்தவர் கையில் வேறொரு பிரிவின் உறை கொடுக்கப்பட்டுவிட, ‘லா லா லேண்ட்’ சிறந்த படம் என்று அறிவித்தார்கள். அந்தப் படக்குழுவினர் மேடையேறி நன்றி சொல்லத் தொடங்கிய பிறகு, பரிசு ‘மூன்லைட்’ படத்துக்கே என்று திருத்தினார்கள். மைக்கைப் பிடித்திருந்த தோற்ற படத்தின் தயாரிப்பாளரே அந்தத் திருத்தத்தைச் சபைக்குச் சொன்னார். நம் பள்ளி விளையாட்டு விழாவில் பெயர் மாற்றி வாசித்துவிட்டார்கள் என்று கண்ணைக் கசக்குகிறவர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில் பெரும்பாலான பிரிவுகளில் அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நடிப்புக்கு நடிகர்கள், ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்புக்குத் தொகுப்பாளர்கள். இப்படிப் பிரிவுக்கு ஐந்து பெயர் கொண்ட பட்டியல் உருவாகிறது. சிறந்த படத்துக்கு மட்டும் இப்போது பத்து. இந்தப் பட்டியலில் இடம் பெறுவதைத்தான் ‘நாமினேஷன்’ என்கிறோம்; தமிழில் பரிந்துரை என்று எழுதுகிறார்கள். பட்டியல் பெரும்பாலும் ஜனவரியில் வெளியாகும். விழா மார்ச் மாதத்தை ஒட்டி வரும். இடையில் உள்ள சில வாரங்களில், பல்லாயிரம் பேர் கொண்ட உறுப்பினர் அனைவரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கிறார்கள்.

சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை சற்று வேறானது. உறுப்பினர் ஒரே படத்துக்கு முத்திரை குத்திவிட்டுப் போகும் முறை அல்ல இது. பத்துப் படங்களையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். இதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். நம் பள்ளியில் மாணவியர் தலைவி தேர்தலுக்கு மேரி, பாத்திமா, செல்வி, லட்சுமி என்று நால்வர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 100 பேர் வாக்களிக்கிறார்கள். முதல் விருப்பமாக மேரிக்கு 35, பாத்திமாவுக்கு 30, செல்விக்கு 20, லட்சுமிக்கு 15. சாதாரணத் தேர்தலாக இருந்தால் மேரி வென்றுவிட்டாள். இந்த முறையில், பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்காததால் கடைசியில் நிற்கும் லட்சுமி விலகுகிறாள். அவளுக்கு வாக்களித்த 15 பேரின் இரண்டாம் விருப்பத்தைப் பார்க்கிறார்கள். அதில் 10 செல்விக்கும் 5 பாத்திமாவுக்கும் போகின்றன. இப்போது மேரி 35, பாத்திமா 35, செல்வி 30. அடுத்துச் செல்வி விலக, அவளுடைய 30 சீட்டில் 20 பாத்திமாவுக்கும் 10 மேரிக்கும் போகின்றன. பாத்திமா 55, மேரி 45. பாத்திமா தலைவியாகிறாள். சிலருக்கு மிகமிகப் பிடித்த ஒன்றைவிடப் பலருக்கு ஓரளவேனும் பிடித்த ஒன்று இந்த முறையில் வெல்வதுண்டு. அது நியாயந்தானா என்பது வீட்டில் வைத்து வாதாடத் தகுந்த விஷயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பத்துப் படங்களை வரிசைப்படுத்த வேண்டுமானால் பத்தையும் பார்த்திருக்க வேண்டாமா? வேண்டும் என்றுதான் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் 2025வரை 97 விழாக்கள் நடந்து முடிந்த பிறகும், பெரும்பாலான பிரிவுகளில் அப்படியொரு கட்டாயம் இருக்கவில்லை! பிறமொழிப் படப் பிரிவு போன்ற சிலவற்றில் மட்டும் ஐந்தையும் பார்த்தவரே வாக்களிக்கலாம் என்ற விதி பல்லாண்டுக் காலம் இருந்தது. மற்றவற்றில் உறுப்பினரின் மனச்சாட்சியே காவலாக இருந்தது. ‘அந்தப் படம் மூன்று மணி நேரம், பார்க்கவில்லை’ என்று பெயர் சொல்லாமல் பத்திரிகைகளிடம் ஒப்புக்கொண்ட உறுப்பினர்களும் உண்டு. 2025 ஏப்ரலில்தான் அகாடமி விதியைத் திருத்தியது. 2026ஆம் ஆண்டு விழா முதல், ஒரு பிரிவில் உள்ள படங்கள் அனைத்தையும் பார்த்தவருக்கே அந்தப் பிரிவில் இறுதி வாக்கு. சங்கத்தின் சொந்த இணையத் திரையில் பார்த்தால் அது தானாகவே பதிவாகிவிடும். கொட்டகையிலோ திரைப்பட விழாவிலோ பார்த்திருந்தால் எங்கே, எப்போது பார்த்தேன் என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் வெளியூரில் ஒரு பேச்சுப் போட்டி. எந்த ஊர், எந்த மன்றம் என்பது இங்கே தேவையில்லை. நான் ஏழாவதாகப் பேசினேன். இரண்டு வாரம் மனப்பாடம் செய்து, அம்மாவிடமும் கிணற்றடிச் சுவரிடமும் பேசிப் பழகிய பேச்சு. மேடையேறி வணக்கம் சொல்லி நிமிர்ந்தால், நடுவர்களின் மூன்று நாற்காலிகளில் ஒன்று காலி. காப்பி குடிக்கப் போயிருந்தவர் எனக்குப் பின் பேசிய பெண் பாதி பேசிய பிறகே திரும்பினார். வந்தவர் பக்கத்தில் இருந்தவரின் தாளை எட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவர் கேட்டிருந்தாலும் கிடைக்காமல் போயிருக்கலாம். பேச்சு அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் கேட்டுவிட்டுத் தோற்கடித்திருந்தால் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்திருக்க மாட்டேன்.

நம் நாட்டுத் தேசிய விருதுகள் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. 1954 முதல் வழங்கப்படும் இந்த விருதுகளுக்குப் பரிந்துரைப் பட்டியல் வெளியிடுவதில்லை. தேர்வுக்கு வந்த படங்களை நடுவர் குழுவினர் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்கிறார்கள். முடிவு வரும்வரை எந்தெந்தப் படம் போட்டியில் உள்ளது என்று நம்மைப் போன்ற ரசிகர்களுக்குத் தெரியாது. ஒரு நடுவரின் பார்வை எத்தனை கனமானது என்பதற்கு நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் கிராமக் காட்சிகள் தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரத்தில் எடுக்கப்பட்டவை என்பதை நம் பெற்றோர் அறிவர். அந்த ஆண்டு சிறந்த இசையமைப்பாளர் விருதுக்குத் ‘தேவர் மகன்’ படத்துக்கு இசையமைத்த இளையராஜாவும், முதன்முதலாக இசையமைத்த ஏ.ஆர். ரகுமானும் இறுதியில் நின்றார்கள். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. நடுவர் குழுத் தலைவராக இருந்த இயக்குநர் பாலு மகேந்திரா தமது வாக்கைப் புதியவருக்கு அளித்தார். இருவரில் யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நம் வீட்டுத் திண்ணைகளில் சண்டை ஓயவில்லை. எனினும் அந்த வாக்கைப் போட்டவர் இரண்டையும் கேட்டவர். அதில் எவருக்கும் ஐயமில்லை.

தேசிய விருது பெற்ற படங்களை நம்மவர் பார்த்ததெல்லாம் விருதுக்குப் பின்னால்தான். சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதன்முதலில் பெற்றுத் தந்தது சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’. 1990ஆம் ஆண்டுக்குரிய விருது அது. பிறகு 2007ஆம் ஆண்டுக்குரிய விருதைக் ‘காஞ்சிவரம்’ பெற்றது. பட்டு நெய்யும் ஒரு தகப்பன், தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை நெய்து கொடுக்கப் படும் பாட்டைச் சொல்லும் படம். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர் அவசியம் பார்க்க வேண்டியது. இப்படிப்பட்ட படங்கள் பல, நம்மூர்க் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காயுமுன் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்களே, அது இல்லையென்றால் என் தலைமுறைக்கு வங்காளப் படமும் மலையாளப் படமும் தெரிந்திருக்காது. பாஷை புரியாமல், எழுத்தையும் படித்துக்கொண்டு பார்த்தோம். எங்கள் வீட்டில் அப்பா முதல் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். ஆச்சி மட்டும் கடைசிவரை பார்த்துவிட்டு, “பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணாம முடிச்சிட்டானே” என்பார்கள்.

அடுத்து, நம்மிடையே உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘ஆஸ்காருக்குப் போன படம்’ என்று சுவரொட்டியில் அச்சிடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? அனுப்பப்படுவது, பட்டியலில் இடம் பெறுவது, பரிசு பெறுவது என்று மூன்று படிகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டின் சார்பில் பிறமொழிப் படப் பிரிவுக்கு ஒரே ஒரு படம் அனுப்பப்படுகிறது. 1969இல் சிவாஜி கணேசன் மூன்று வேடத்தில் நடித்த ‘தெய்வமகன்’ அப்படி அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம். தென்னிந்தியப் படங்களிலேயே அதுதான் முதல். பிறகு ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’, ‘ஹே ராம்’, ‘விசாரணை’ ஆகியவை சென்றன. 2021இல் சென்றது வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’. மதுரை மாவட்டத்தில், தாகத்தால் வெடித்துக் கிடக்கும் பூமியில், குடிகாரத் தகப்பனும் சின்னப் பையனும் வெயிலில் நடக்கிறார்கள்; படம் முழுவதும் அந்த நடைதான். தாகம் தெரியாமலிருக்கப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். இத்தனை படங்களில் ஒன்றுகூட இறுதி ஐந்தில் இடம் பெறவில்லை.

இந்தியாவிலிருந்து 2025வரை அந்த ஐந்தில் இடம் பெற்றவை மூன்றே: ‘மதர் இந்தியா’, ‘சலாம் பம்பாய்’, ‘லகான்’. மூன்றும் பரிசு பெறவில்லை. 2002இல் லகான் தோற்றபோது நாடே வருந்தியது. நானும் வருந்தியவள்தான். வெள்ளைக்காரனைக் கிரிக்கெட்டில் வென்றவர்களுக்கு ஹாலிவுட்காரன் பரிசு கொடுக்கவில்லை என்று அப்போது பலர் ஏசினோம். அந்த ஆண்டு பரிசு பெற்ற படம் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது போஸ்னியா நாட்டு ‘நோ மேன்ஸ் லேண்ட்’. பல ஆண்டு கழித்துப் பார்த்தேன். போரிட்டுக்கொண்டிருக்கும் இரு பகைப் படைகளுக்கு நடுவே ஒரு பதுங்கு குழி. அதற்குள் எதிரெதிர்ப் படை வீரர்கள் இருவர் மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே கிடக்கும் மூன்றாமவனின் முதுகுக்கடியில் ஒரு கண்ணிவெடி. அவன் அசைந்தால் மூவரும் சாவார்கள். படம் முடிந்ததும் நான் லகானுக்காக ஏசியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இன்றும் லகான்தான் எனக்குப் பிடித்த படம். ஆனால் அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று சொல்ல இனி என் வாய் வராது.

2009இல் நம் ரகுமான் இரண்டு ஆஸ்கார் பெற்று, மேடையில் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னதைக் கேட்டு மகிழாத தமிழர் இல்லை. அந்த ஆண்டு பாட்டுப் பிரிவின் பட்டியலில் மூன்றே பாடல்கள். அவற்றுள் இரண்டு ரகுமானுடையவை. மூன்றையும் கேட்டு முடிக்க ஒரு கால் மணி நேரம் போதும். கேட்டுவிட்டு மகிழ்ந்தவர் எத்தனை பேரோ!

‘பள்ளிக்கூட மலரில் சினிமாவைப் பற்றி இவ்வளவு பேச்சா?’ என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். திருச்சபை சினிமாவைப் பார்க்காமலே ஒதுக்கியதில்லை. சினிமாவுக்கான அனைத்துலகக் கத்தோலிக்க அமைப்பு 1928லேயே தொடங்கப்பட்டுவிட்டது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1936இல் திரைப்படங்களைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து அமர்ந்த நடுவர் குழு 1974 முதல் பரிசளித்து வருகிறது. சினிமா பிறந்து நூறாண்டு ஆனபோது, 1995இல், வத்திக்கான் 45 படங்களைப் பட்டியலிட்டது. அதில் ‘காந்தி’ உண்டு. சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ உண்டு. ‘பாபெட்டின் விருந்து’ என்ற டென்மார்க் படமும் உண்டு. இந்தக் கடைசிப் படத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மிகவும் விரும்பினார். 2016இல் குடும்பங்களுக்காக எழுதிய ‘அன்பின் மகிழ்ச்சி’ என்ற மடலிலும் அதைக் குறிப்பிட்டார். அகதியாய் வந்த சமையற்காரி ஒருத்தி, தனக்கு விழுந்த லாட்டரிப் பணம் முழுவதையும் செலவழித்து, ருசி என்றாலே பயப்படும் ஒரு கிராமத்துக்கு ஒரே ஒரு விருந்து படைக்கும் கதை. 1988இல் பிறமொழிப் படத்துக்கான ஆஸ்காரும் பெற்றது.

இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 நவம்பரில் திரைப்படக் கலைஞர்களைச் சந்தித்ததை ஒட்டி, தமக்குப் பிடித்த நான்கு படங்களைச் சொன்னார். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பத்துப் பரிந்துரையில் ஐந்து பரிசு பெற்றது. சிறந்த படமும் அதுவே. ‘ஆர்டினரி பீப்பிள்’ படமும் சிறந்த படப் பரிசு பெற்றது. இத்தாலியப் படமான ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ ஏழு பரிந்துரையில் மூன்றைப் பெற்றது. சிறந்த படப் பரிசு கை நழுவியது. நான்காவதான ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946இல் வந்தது. ஐந்து பிரிவுகளில் பட்டியலில் இடம் பெற்று, ஐந்திலும் தோற்றது. கிறிஸ்துமஸ் வந்தால் இன்றும் உலகெங்கும் வீடுகளில் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இனி என் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை நமக்குத் திருப்புதல் தேர்வும் பொதுத் தேர்வும். தவக்காலம் வேறு. பத்துப் பெரிய படங்களைப் பார்ப்பது மாணவியருக்கும் ஆகாது, டீச்சருக்கும் ஆகாது. அவற்றில் பல, வயதுக்கு வந்தோர்க்கு மட்டுமானவை. பெற்றோர் முதலில் பார்க்காமல் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது. எனக்குத் தோன்றிய சுலபமான வழி குறும்படங்கள். ஆஸ்கார் கணக்கில் குறும்படம் என்றால் 40 நிமிடத்துக்கு மிகாதது. ஒரு பிரிவில் ஐந்து. 2023இன் குறு ஆவணப்படங்கள் ஐந்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. நம் தமிழ்ப் படம் ஒன்றுக்கு ஆகும் நேரம்.

நோட்டில் பக்கத்துக்கு ஒரு படம். மூன்றே குறிப்பு எழுத வேண்டும்: படத்தில் என்னால் மறக்க முடியாத ஒரு காட்சி, எனக்குப் புரியாத அல்லது பிடிக்காத ஒன்று, இதுவரை பார்த்தவற்றில் இதற்கு எந்த இடம். விழாவுக்கு முந்திய இரவு நோட்டை மூடிவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு ஓர் எழுத்தும் திருத்தக் கூடாது. ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்று பிறகு சொல்லிக்கொள்ளும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டாகையால் இந்த விதி.

முதலில் பார்த்தது யானைப் படம். ரகு என்ற குட்டியை வேறு பாகரிடம் ஒப்படைக்கும்போது பெள்ளி படும் வேதனைதான் மறக்க முடியாத காட்சி என்று எழுதி, முதலிடமும் கொடுத்தேன். தமிழ்க் குரல் கேட்டதும் மனம் இளகிவிட்டது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அடுத்தது ‘ஹால்அவுட்’. சைபீரியக் கடற்கரையில் ஒரு குடிசையில் தன்னந்தனியாக ஓர் ஆராய்ச்சியாளர். ஒருநாள் கதவைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடற்குதிரைகள் என்றுதான் முதலில் எழுதினேன்; அது பிழை. வால்ரஸ் என்னும் தந்தமுள்ள கடல் விலங்குகள். சுமார் ஒரு லட்சம்! ஓய்வெடுக்கக் கடலில் பனிப்பாளம் இல்லாமல் போனதால் கரையேறி, ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கிடக்கின்றன. மூன்றாவது, ‘மார்த்தா மிட்செல் எஃபெக்ட்’. அமெரிக்க அதிபர் நிக்சனின் ஊழலை வெளியே சொன்னதற்காகப் பைத்தியக்காரி என்று பட்டம் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் வரலாறு. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று பிறகு தெரிந்தது.

நான்காவது, ‘ஸ்ட்ரேஞ்சர் அட் த கேட்’. அரை மணி நேரப் படம், இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. அமெரிக்காவின் மன்சி என்ற சிறிய ஊரில், போருக்குப் போய்த் திரும்பிய படைவீரர் ஒருவர், தம் ஊர்ப் பள்ளிவாசலில் குண்டு வைக்க முடிவு செய்கிறார். வேவு பார்க்க 2009இல் ஒருநாள் உள்ளே செல்கிறார். வந்தவர் யார் என்று தெரியாமலே அங்குள்ளவர்கள் அவரை வரவேற்று உட்கார வைக்கிறார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்த பிபி பஹ்ராமி என்ற அம்மாள் அவருக்குச் சோறு போடுகிறார். குண்டு வெடிக்கவே இல்லை. அந்த மனிதர் பிற்பாடு அதே பள்ளிவாசலின் தலைவராகவும் இருந்தார். இதைக் கடையநல்லூரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு எந்த ஊரில் பார்ப்பதைப் போலவும் இராது. நம் வகுப்புகளில் பாத்திமாவும் மேரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரம்ஜான் நோன்புக் கஞ்சி நம் வீட்டுத் தூக்குச்சட்டிக்கு வருகிறது, கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகிறது. படம் முடிந்தபோது இரவு பதினொரு மணி. நோட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யானைப் படம் நம்முடையது. ஆனால் பேனா பிடித்த கை உண்மையை எழுதித்தானே ஆக வேண்டும். முதலிடத்தை அடித்துவிட்டு, இந்தப் படத்தின் பெயரை எழுதினேன். யானைப் படம் இரண்டாமிடத்துக்கு வந்தது.

ஐந்தாவது படம் விழாவுக்கு முன் எனக்குக் கிடைக்கவே இல்லை. தேடாத இடமில்லை. ஆகவே நான் போட்ட விதிப்படி அந்தப் பிரிவில் எனக்கு வாக்கு இல்லை. மார்ச் 13 காலையில் மாணவியரோடு கைதட்டியபோது எனக்கு இருந்த சங்கடம் இப்போது உங்களுக்கு விளங்கும். மகிழ்ச்சி முழுமையானது. தீர்ப்பு மட்டும் என்னுடையதாக இல்லை. அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் சிஸ்டரிடம் நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “நாலு பார்த்துட்டு அஞ்சுக்குத் தீர்ப்பு சொல்லாம விட்டீங்களே, அதுவே நல்லது டீச்சர்” என்றார். பிறகு, “அந்த நாலாவது படத்தை நம்ம பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமே” என்றும் சொன்னார்.

தேர்வு முடிந்து, கோடை விடுமுறைக்கு முந்திய வாரத்தில் நான்கு படங்களையும் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குக் காட்டினோம். ஆங்கிலப் படங்களை நான் நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொன்னேன். சீட்டு கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னோம். யானைப் படம்தான் வென்றது. என் கட்சியில் ஒன்பது பேர் மட்டும் இருந்தார்கள். அதில் ஒருத்தி, என்னிடம் வந்து, “டீச்சர், மார்த்தா படம் உங்களுக்கு ஏன் பிடிக்கல? அந்தம்மா சொன்னதை யாருமே காதுல வாங்கலையே” என்று கேட்டாள். சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

விடுபட்ட ஐந்தாவது படத்தை ஓராண்டு கழித்துப் பார்க்க வாய்த்தது. ஒரு தகப்பன் தன் மகளின் ஒவ்வொரு பிறந்த நாளிலும், இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை, அதே மாதிரியான கேள்விகளைக் கேட்டுப் படமெடுத்து வைத்த தொகுப்பு. அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை நம் கண்முன்னே பெரியவளாகிவிடுகிறாள். பழைய நோட்டை எடுத்து, தேதி போட்டு, அதை மூன்றாமிடத்தில் எழுதினேன். முதலிரண்டும் மாறவில்லை.